கார் கோயிலுக்குப் போனதா?

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்த லண்டன் கராஜில், தண்ணீர் ஒழுகும் கார்களுக்கென்று தனியாக ஒரு தாள் இருக்கிறது. கார்க்காரர் சாவியைத் தந்ததும் ஒன்பது கேள்விகள் கேட்டு அதில் எழுதவேண்டும். எந்தப் பக்கம் ஈரம், எத்தனை நாளாக, கார் வெளியே நிற்கிறதா உள்ளே நிற்கிறதா என்று எல்லாம் வழக்கமான கேள்விகள்தான். எட்டாவது மட்டும் கொஞ்சம் வித்தியாசம். "இந்தக் கார் ஏதாவது வழிபாட்டிடத்தில் ஆசீர்வதிக்கப்பட்டதா? ஆம் என்றால், அப்போது கூரை திறந்திருந்ததா?"

போன மாதம் ஆனியா எனக்குப் போன் எடுத்தாள். எனக்குப் பிறகு என் வேலைக்கு வந்தவள் அவள். போலந்துக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கராஜில் நிற்கும் தமிழ்ப் பெடியளிடம் பழகி, அவளும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் கராஜ் விற்கிற கார்களைச் செய்யும் ஜெர்மன் கம்பெனி, இரண்டு சீட் திறந்த காரைச் செய்வதை நிறுத்திவிட்டதாம். இனித் தாளும் வேண்டாம், எல்லாம் டேப்லெட்டில்தானாம். கேள்விகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆள் எட்டாவதில் நின்றுவிட்டார். இது என்ன பகிடியா என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

"நீங்கள்தான் போட்டீர்கள் என்று சொல்கிறார்கள் அங்கிள். காரணம் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். சுருக்கமாக எழுதுங்கள்" என்றாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பிவிட்டேன். சுருக்கமாக எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. கார் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இரண்டே சீட், திறக்கிற கூரை, இதைத்தான் ரோட்ஸ்டர் என்பார்கள். உலகப் போருக்கு முன்பே அவர்கள் அதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு ஒன்று செய்தார்கள், பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் விலை எக்கச்சக்கமாக ஏறி, வாங்க ஆளில்லாமல், கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தது. அதோடு கனகாலம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு, கதவு வெளியே திறக்காமல் கீழே உடம்புக்குள் இறங்குகிற விசித்திரமான ஒன்று வந்தது. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கிப் பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் எதிர்காலம் என்ற சொல்லின் முதல் எழுத்தாம் அது. அடுத்தது அமெரிக்காவில் செய்தது, நீண்ட மூக்கு, கட்டையான பின்பக்கம். நான் சொல்லப்போகும் கார் அந்த இனம். அதற்குப் பின் வந்தவற்றில் ஒன்றுக்குத் துணியை விட்டு உலோகக் கூரையை மடித்து டிக்கிக்குள் வைத்தார்கள். கடைசியாக வந்தது மறுபடியும் துணிக்கூரை. ஆஸ்திரியாவில் ஒரு ஜப்பான் காரோடு ஒரே தொழிற்சாலையில் பிறந்தது. இப்போது அதுவும் முடிந்துவிட்டது.

புத்தகம் எழுதுகிறவர்கள் எஞ்சினை வைத்து இந்த வரலாற்றை எழுதுவார்கள். எனக்கு எஞ்சினில் பெரிய அறிவு இல்லை. தண்ணீர் எங்கே நுழையும் என்று கேட்டால் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவனல்ல. குரோய்டனில் அகதி விண்ணப்பம் எடுக்கிற அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னால் விடிய வரிசையில் நின்று, கடிதம் வாங்கி, பெற்றோல் ஸ்டேசனில் நின்று, பிறகு இந்தக் கராஜில் கார் கழுவ வந்தேன். ஒருநாள் ஒரு ரோட்ஸ்டரைக் கழுவும்போது, உள்ளே இடப்பக்கக் காப்பெற்றில் ஈரம் இருப்பதைக் கண்டு சொன்னேன். "எப்படிக் கண்டாய்?" என்று கேட்டார்கள். "மணத்தது" என்றேன். அடுத்த வாரமே என்னைக் கழுவுகிற இடத்திலிருந்து வேர்க்‌ஷொப்புக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் பயிற்சி, இரண்டு சோதனை, ஒரு சேர்டிபிக்கேற். அவ்வளவுதான் அந்தக் கதை.

வேலை இப்படித்தான். ஒருவர் வெளியே நின்று குழாயால் மழை பெய்வது போல் தண்ணீர் அடிப்பார். மற்றவர் கூரையை மூடிக்கொண்டு உள்ளே இருப்பார். உள்ளே இருப்பது நான். கையில் ஒரு டோர்ச், ஒரு கட்டு ரிசுக் கடதாசி, கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர். றப்பர் விளிம்புகளில் பவுடர் பூசிவிட்டால் தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும். கண்ணாடிக்கும் றப்பருக்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். சும்மா வந்தால் அந்த இடம் சரியாக மூடவில்லை, இறுக்கிப் பிடித்தால் நல்லது. ஒரு அங்குலம் விடாமல் சுற்றிவர இப்படிச் செய்யவேண்டும். கம்பெனி தந்த பவுடர் ஒன்று இருந்தது. நான் குட்டிக்கூராவைத்தான் பாவித்தேன், திருத்திக் கொடுத்த கார்களெல்லாம் என் தயவில் வாசமாகப் போயின.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது விளங்காவிட்டால் மிச்சம் விளங்காது. திறக்கிற கூரை ஒருநாளும் எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. சீட்டுகளுக்குப் பின்னால், கூரைத்துணி மடிந்து கிடக்கும் இடத்தின் இரண்டு மூலையிலும் சின்னப் பீலி ஒன்று இருக்கும். வழிந்து வரும் தண்ணீரை அது வாங்கி, விரல் மொத்தத்தில் ஒரு குழாய் வழியாக இறக்கி, பின் டயர்ச் சில்லுக்கு முன்னால் றோட்டில் விட்டுவிடும். குழாயின் அடி நுனியில் றப்பரில் ஒரு வாய் இருக்கும். தண்ணீர் வெளியே போகலாம், தூசி உள்ளே வராது. சில்லையும் அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றினால்தான் அந்த வாயைக் காணலாம்.

எங்கள் ஃபோர்மன் கொலின். உயர்ந்த மனிதர், வேர்க்‌ஷொப்புக்குள்ளும் பொலிஷ் பண்ணிய சப்பாத்துடன்தான் நடப்பார். சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவன் பிழை விட்டால் அவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் பார்க்கிற இடத்தையே தானும் பார்ப்பார். இரண்டு நிமிடம் அப்படி நின்றால் போதும், பிழை தானாகக் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் வெட்கத்தில் உயிர் போகும். "நினைக்கிறேன்" என்ற சொல் அவருக்கு ஆகாது. "றப்பர் போயிருக்கும் என்று நினைக்கிறேன்" என்றால், "நினைத்தாயா, பார்த்தாயா?" என்பார். ஜொப் கார்ட்டில் பார்த்ததைத்தான் எழுதவேண்டும்.

காரைத் தொடுவதற்கு முன் கார்க்காரருடன் பேசவேண்டும் என்பதும் அவருடைய சட்டம். அவர் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றுதான். "முதல்முதல் ஈரம் கண்டதற்கு முன்னால் இந்தக் காருக்கு என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார். கொஞ்சம் பொறுத்துத்தான் வரும், மகன் ஸ்பீக்கர் பூட்டினான், பூனை குட்டி போட்டது, கணவன் கூரையைப் பிரஷ்ஷால் தேய்த்தார் என்று.

வதனி என் மனைவி. எங்கள் கலியாணம் சட்டன் என்ற ஊரில் ஒரு ரிஜிஸ்டர் ஒபிஸில் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஊரில் சண்டை, இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் அங்கே. சாட்சிக்கு என்னுடன் பெற்றோல் ஸ்டேசனில் நின்ற இரண்டு பேர். ஒருவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்ட கையோடு ஓடிவிட்டார். தாலியை வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் கட்டினேன். தலையில் அரிசி போட ஒரு கை இருக்கவில்லை. வதனி அதைப் பற்றிப் பெரிதாகப் பேசியதில்லை, ஆனால் ஆருடைய கலியாண வீட்டுக்குப் போனாலும் அரிசி போடுகிற நேரம் அவள் முகத்தை நான் பார்க்கமாட்டேன்.

பிறகு பிள்ளைகள் மூன்று. அவளுடைய தம்பி வந்தான், என் அம்மா வந்தா, சித்தப்பாவின் குடும்பம் வந்து ஒரு வருடம் இருந்தது. நான் வைத்திருந்தது ஏழு சீட் வான். அந்த வானில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனதாக ஒரு நாளும் எனக்கு நினைவில்லை. கடைக்குப் போனாலும் பின்னால் ஆராவது இருப்பார்கள்.

ஒருநாள் பின்னேரம் ஒரு சிவப்பு ரோட்ஸ்டரைத் திருத்தி, ஓடிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில், கூரையைத் திறந்திருந்தேன். சந்தியில் சிக்னலுக்கு நிற்கிறேன், எதிரே பஸ் தரிப்பில் வதனி. சின்னவள் தள்ளுவண்டியில், மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது, கையைக் காட்டினாள். பக்கத்துச் சீட் வெறுமையாக இருந்தது. ஆனால் வாடிக்கையாளரின் காரில் வேறு ஆளை ஏற்றக்கூடாது, அது கராஜின் கண்டிப்பான சட்டம். பச்சை விழுந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அன்று வீட்டில் அவள் கோபப்படவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "என்னப்பா, உங்கடை கண்ணுக்கு நான் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. ஏத்த ஏலாது, உமக்குத் தெரியும்தானே."

"ஓம் ஓம். பிள்ளையளையும் ஏத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. அதிலை ரெண்டு சீட்டுத்தானே. ஒருநாளைக்கு உங்களோட அதிலை கடற்கரைக்குப் போகவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை நிறைவேற்ற எனக்குப் பதினாறு வருடம் எடுத்தது. சின்னவளும் யூனிவர்சிற்றிக்குப் போய், அம்மாவும் என் தம்பி வீட்டுக்குப் போய், வீட்டில் முதன்முதலாக நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். அந்த மாதம் ஒருவர் புதுக் கார் எடுத்து, தன் பழைய ரோட்ஸ்டரை மாற்றுக்குக் கராஜில் விட்டுப் போனார். கரும்பச்சை, உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில் தோல் சீட். அமெரிக்காவில் செய்த இனம். ஏலத்துக்கு அனுப்ப முன் கொலின் என்னைக் கூப்பிட்டு, "சிவா, இது உலர்ந்த கார். நானே பார்த்தேன்" என்றார். அவர் வாயால் அது வந்தால் வேறு சேர்டிபிக்கேற் தேவையில்லை. வாங்கினேன்.

புதுக் காரோ பழைய காரோ, எங்கள் ஆட்கள் முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். சொந்தக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள், காரைப் பார்க்க ஒரு பாதி, பகிடி பண்ண மறு பாதி. ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பிறகு அட்சதை கொஞ்சம் எடுத்து முன்பக்கத்தில் தூவினார்.

அப்போது வதனி சொன்னாள். "ஐயா, கூரையைத் திறக்கிறம். உள்ளுக்கும் போடுங்கோ."

கூரையைத் திறந்தேன். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே ஏறி இருந்தோம். சித்தப்பாதான் தொடக்கி வைத்தார். "இதென்ன, மாப்பிளை பொம்பிளை மாதிரியெல்லோ இருக்கினம். ஐயா, அந்தத் தட்டை இஞ்சாலை தாங்கோ" என்று ஒரு பிடி அரிசியை எடுத்து எங்கள் தலையில் போட்டார். அம்மா போட்டா. அவளுடைய தம்பி போட்டான். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து இரண்டு தரம் போட்டார்கள். தட்டு முடிய ஐயர் உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தார். வதனி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவளுடைய கன்னத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அழுகிறாள் என்று கண்டேன், ஆனால் அப்படி ஒரு சந்தோசமான முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சீட்டிலும் காப்பெற்றிலும் கிடந்த அரிசியை வாக்யூம் பண்ணினேன். துப்புரவாக்கிவிட்டேன் என்றுதான் எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை ஞாயிறும் விடவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறக்கிறேன், அந்த ஈர மணம். சீட்டுக்குப் பின்னால் காப்பெற்றைக் கையால் அமத்தினால் தண்ணீர் வந்தது.

நான் லண்டனின் தென்பாதியில் தண்ணீர் நுழைகிற இடத்தைப் பிடிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன். மற்றக் கராஜ்களிலிருந்தும் எனக்குக் கார் அனுப்புவார்கள். என்னுடைய கார் ஒழுகுகிறது என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வாசலிலேயே வைத்துப் பார்த்தேன். பவுடர் பூசினேன், கடதாசி வைத்து இழுத்தேன். எல்லா விளிம்பும் இறுக்கமாக இருந்தது. பீலியில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன், இறங்கியது. குழாயை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும், சில்லைக் கழற்றி அடி நுனியைப் பார்க்கவேண்டும். வேலையில் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. என் சொந்தக் காருக்கு, அயலவன் பார்க்கப் போகிறான் என்ற அவசரத்தில், ஒரு கோப்பை தண்ணீரோடு விட்டேன். நல்லது என்று நினைத்துக்கொண்டு மேலிருந்து காற்றும் அடித்தேன். அது அடைப்பை இன்னும் கீழே கொண்டுபோய் இறுக்கியிருக்கும்.

முதல்முதல் ஈரம் கண்டதற்கு முன்னால் இந்தக் காருக்கு என்ன நடந்தது? அந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றே பதில் வந்தது. கோயிலுக்குப் போனதைக் காருக்கு நடந்த விஷயமாக என் மனம் எடுக்கவில்லை. அது எங்களுக்கு நடந்த விஷயம்.

ஒரு கோடை முழுக்க அப்படியே போனது. இரண்டு றப்பர் மாற்றினேன், கூரைத்துணியைத் தைத்தேன். மழை பெய்தால் நனைந்தது. வதனி காப்பெற்றுக்கு மேல் பழைய துவாய்களை விரித்தாள். நான் அந்தக் காரின் பக்கம் பார்க்கவே விருப்பமில்லாமல் திரிந்தேன், அவளிடமும் சிடுசிடுத்தேன். புரட்டாதி முடிவதற்குள் விற்றுவிட்டேன். கராஜில் ஏன் என்று கேட்டவர்களுக்கு, வதனிக்கு முழங்கால் வருத்தம், நிலத்தோடு பதிவாக இருக்கிற சீட்டில் ஏறி இறங்க ஏலாது என்று பொய் சொன்னேன்.

வாங்கினவன் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, வதனி வாசலில் நின்றபடியே சொன்னாள். "எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் எண்டு ஒண்டு சரிவராதப்பா. விடுங்கோ."

அதற்குப் பிறகு அவள் தனக்கென்று என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காதது என்னை எவ்வளவு வருத்தியது என்று அவளுக்கும் சொன்னதில்லை.

மூன்று வருடம் கழித்து டாக்டர் ரேவதியின் கார் வந்தது. மதுரைக்காரர், குரோய்டன் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை. தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தானே வாங்கிய வெள்ளை ரோட்ஸ்டர். மூன்று முறை வந்து போன கார், ஒவ்வொரு முறையும் உலர்த்தி அனுப்பினோம், ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வந்தது. கூரையைத் திறக்கிற மோட்டாரும் தண்ணீரில் ஊறி நின்றுவிட்டது. இந்த முறையும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கொலின் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார்.

"ஒண்ணும் பண்ணலையே," என்று டாக்டர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நீங்களே சொல்லுங்க சார், புதுக் காரை யாராவது நோண்டுவாங்களா? எடுத்த அன்னைக்குக் கோயில்ல பூஜை போட்டோம். அவ்வளவுதான்."

"பூசை போடேக்கை கூரை மூடியிருந்ததோ, திறந்திருந்ததோ?" என்று கேட்டேன்.

"திறந்துதான் இருந்தது. எங்க அத்தை பின்னாடியெல்லாம் அட்சதை போட்டாங்க. ஏன் சார்?"

நேரே போய்க் காரை லிஃப்டில் தூக்கினேன். பின்சில்லைக் கழற்றினேன். மறைப்பைக் கழற்றினேன். குழாயின் நுனி உப்பியிருந்தது. அந்த றப்பர் வாயை இரண்டு விரலால் அமத்தி விரித்தேன். முதலில் கறுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு அரிசி. ஊறிப் பெருத்து, புளித்து, ஆனால் மஞ்சள் இன்னும் போகவில்லை. நடுவில் ஒரு செவ்வந்தி இதழ்.

கொலின் வந்து பக்கத்தில் நின்றார். நான் பார்த்த இடத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"சாப்பாடா?"

"ஆசீர்வாதம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"நாங்களும் அரிசி எறிவோம்" என்றார் அவர் மெதுவாக. "கலியாணத்தில், மாப்பிள்ளை பெண்ணின் மேல்."

"எங்களுடையதும் அதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உன் பச்சைக் காரையும் கொண்டுபோனாயா?"

தலையாட்டினேன்.

"நீ அதை விற்பதற்கு முன் ஒருநாள் வேலைக்குக் கொண்டுவந்தாய். பக்கத்தில் நடந்து போனபோது மணத்தது. நீ என்னிடம் கேட்பாய் என்று காத்திருந்தேன்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒருவன் தன் வீட்டு விஷயத்தைத் தானாகச் சொல்லாமல் அவர் வாயைத் திறக்கமாட்டார், அது அவருடைய சுபாவம். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது, எல்லாம் என் மேல். பத்து நிமிடத்து வேலை. ஒரு சில்லைக் கழற்றியிருந்தால் அந்தக் கார் எங்கள் வாசலில் நின்றிருக்கும்.

டாக்டரின் காரைத் திருத்திக் கொடுத்தோம். இருபது நிமிடம், நாற்பது நிமிடம் தண்ணீர் அடித்தும் ஒரு சொட்டு இல்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கூரையைத் திறந்தபடியே ஓட்டிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் கொலின் கேள்வித்தாளைத் தட்டி எழுதி, எட்டாவது கேள்வியைச் சேர்த்து, என்னிடம் காட்டிச் சரியா என்று கேட்டார். நான் செய்தது அந்த இரண்டாவது பாதி மட்டும், கூரை திறந்திருந்ததா என்பது. கோயிலுக்குப் போய் ஐயரிடமும் சொன்னேன். திறந்த கார் வந்தால் அரிசியை முன்பக்கத்தில் மட்டும் தூவுவதாக ஒப்புக்கொண்டார்.

எல்லோருக்கும் சொன்னேன், வதனிக்குச் சொல்லவில்லை. கூரையைத் திறக்கச் சொன்னது அவள். உள்ளுக்கும் போடுங்கோ என்று கேட்டது அவள். அவளுடைய தலையில் முதன்முதலாக எங்கள் சனம் போட்ட அரிசி அது. அந்த அரிசிதான் காரைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? சரிவரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டே இருக்கட்டும், அது இதைவிடச் சின்ன வருத்தம் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். இளைப்பாறி நான்கு வருடமாகிறது. அந்தத் தீர்மானம் சரியோ பிழையோ என்று இன்றைக்கும் மனம் குடையும்.

இதுவரை வந்ததை நான் கையால்தான் எழுதினேன். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டுவது வதனி, கோயில் ஆண்டுமலருக்கும் அவள்தான் தட்டிக் கொடுப்பாள். அதாவது இந்தத் தாள்களைக் கொடுத்தால் அவளுக்குச் சொன்னதாகிவிடும். இரண்டு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். நேற்றுக் காலை எடுத்துக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய்ப் பயித்தங்காய் நறுக்கத் தொடங்கினேன். தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் வந்து கதவடியில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"அப்ப கார் நல்ல கார்தான், என்ன?"

"ஓம். காரிலை ஒரு பிழையும் இல்லை."

"இவ்வளவு வருசமா இதை வச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?"

"உமக்குக் கவலையா இருக்கும் எண்டு."

"எனக்கென்ன கவலை? அண்டைக்கு அரிசி போட்டது பிழையெண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். இப்ப கேட்டாலும் கூரையைத் திறவுங்கோ எண்டுதான் சொல்லுவன்." கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள். "நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. அதை விக்கிறதுக்கு முதல் கிழமை, நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு, நான் எடுத்துக்கொண்டு போனனான்."

"எங்கை?"

"ஈஸ்ட்போர்னுக்கு. கடற்கரைக்கு."

கத்தியை வைத்துவிட்டேன். "தனியவோ?"

"தனியத்தான். கூரையைத் திறந்துபோட்டு. காப்பெற் எல்லாம் ஈரம், செருப்பு சப்பு சப்பெண்டு ஒட்டுது, கழட்டிப்போட்டு வெறுங்காலோட ஓடினனான். மலைப்பக்கத்தாலை இறங்கேக்கை ஒருக்கால் கடல் தெரிஞ்சது பாருங்கோ, கத்திப்போட்டன். ஐஸ்கிறீம் ஒண்டு வாங்கிக் குடிச்சிட்டு, நீங்கள் வாறதுக்கு முதல் கொண்டுவந்து விட்டிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அந்தக் காரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிஞ்சியள். எனக்கு அது நல்லா இருந்தது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"பக்கத்துச் சீட்டிலை?" என்று கேட்டேன்.

"என்ரை கைப்பையை வச்சனான். காத்துக்குப் பறந்திடும் எண்டு அதுக்கு பெல்ட்டும் போட்டு விட்டனான்."

சிரித்துவிட்டு எழுந்து போனாள். மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. நான் பயித்தங்காயை அப்படியே விட்டுவிட்டு இருந்தேன். மலையிலிருந்து இறங்கும்போது கடல் தெரிந்ததும் அவள் கத்தியிருக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு கைப்பை மட்டும் இருந்திருக்கிறது. அந்தச் சீட்டில், அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நான் இருந்திருக்கவேண்டும்.